உடம்பிலிருந்து எடுத்தது

மைசூரில் கல்யாண மண்டப மேனேஜராக இருப்பவனுக்கு ஊரில் உள்ள எல்லா டாக்டர்களையும் தெரியும் என்று கொள்ளேகால் பக்கம் ராமாபுரத்தில் இருக்கும் என் சொந்தக்காரர்கள் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையைத் தண்ணீர் ஊற்றி வளர்த்தவன் நான்தான். ஊருக்குப் போகும்போது யாராவது முட்டி வலிக்கிறது என்றால் போதும், "நம்ம டாக்டர் ஒருத்தர் இருக்காரு" என்று ஆரம்பித்துவிடுவேன். அந்த டாக்டரை எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவர் வீட்டு ரிசப்ஷனில் ஐஸ்கிரீம் தீர்ந்துபோனபோது என்னைத்தான் கூப்பிட்டுத் திட்டினார். திட்டினாலும் பழக்கம் பழக்கம்தானே.

அப்படித்தான் ஒரு நாள் காலை என் அக்கா கொள்ளேகால் பஸ்ஸில் வந்து இறங்கினாள். கூடவே அவள் வீட்டுக்காரர், என் மாமா. இருவரும் ராமாபுரத்தில் கொஞ்சம் நிலமும் இரண்டு கறவை மாடும் வைத்துப் பிழைப்பவர்கள். அக்காவுக்கு இடது மார்பில் ஒரு கட்டி வந்திருந்தது. இதை அவள் என்னிடம் சொல்லவில்லை. என் மனைவியைச் சமையலறைக்குள் தள்ளிக்கொண்டு போய், கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள். மனைவி வெளியே வந்து, "நல்ல சர்ஜனா ஒருத்தர் வேணும்" என்றாள்.

"எதுக்கு?"

"வேணும்னா வேணும். கேள்வி கேக்காம யோசிங்க."

யோசித்தேன். எனக்குத் தெரிந்த சர்ஜன் ஒருவர்தான். சின்ன நர்சிங் ஹோம் வைத்திருந்தார். அவர் பெண்ணின் கல்யாணம் எங்கள் மண்டபத்தில்தான் நடந்தது. தண்ணீர் மோட்டார் நின்றுபோய்ப் பந்தியில் பாதிப் பேர் கையைக் கழுவாமல் நின்றபோதும் அந்த மனுஷர் குரலை உயர்த்தவில்லை. இவ்வளவு நிதானமானவர் கத்தியையும் நிதானமாகத்தான் பிடிப்பார் என்பது என் கணிப்பு. டாக்டரைத் தேர்ந்தெடுக்க இதைவிட மோசமான வழி இருக்கலாம், எனக்குத் தெரியவில்லை.

அவர் கையால் அழுத்திப் பார்த்தார், ஸ்கேன் எடுக்கச் சொன்னார். ஸ்கேனைப் பார்த்துவிட்டு, கொழுப்புக் கட்டி மாதிரிதான் இருக்கிறது, எதற்கும் எடுத்துவிடலாம் என்றார். அது ஆஷாட மாதம். நம் ஆடியைப் போல இங்கே ஆஷாடத்தில் யாரும் கல்யாணம் வைக்க மாட்டார்கள். மண்டபத்தில் நானும் புறாக்களும்தான். ஆகவே ஆஸ்பத்திரியில் இருக்க எனக்கு நேரம் இருந்தது.

மைசூர் ஆஸ்பத்திரிகளில் நோயாளிகூட இருக்கும் ஆளை 'அட்டெண்டர்' என்பார்கள். பேர் கிடையாது, வயசு கிடையாது. "அட்டெண்டர் யாரு?" என்று ஒரு நர்ஸ் கத்தினால் பெஞ்சில் இருக்கும் பத்துப் பேரும் எழுந்து நிற்பார்கள். அட்டெண்டர் மருந்து வாங்கி வரவேண்டும், ரத்தம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், ஆபரேஷன் முடிந்ததும் தியேட்டர் கதவுக்கு வந்து, எடுத்ததைப் பார்க்கவும் வேண்டும். இது ஒரு மரியாதை. 'பாருங்கள், சொன்னதைத்தான் எடுத்தோம், வேறு எதையும் எடுக்கவில்லை' என்று அர்த்தம்.

கதவு திறந்தது. "அட்டெண்டர் யாரு?" நான் மாமாவை முந்திக்கொண்டு போனேன். மண்டபத்து மேனேஜருக்கு எந்தக் கதவு திறந்தாலும் முதலில் போய் நிற்கும் பழக்கம் உண்டு. நர்ஸ் ஒரு ஸ்டீல் தட்டை நீட்டினாள். அதில் இருந்ததை இங்கே விவரிக்கப் போவதில்லை. ஏனென்றால் நான் முழுசாகப் பார்க்கவே இல்லை. தரை கொஞ்சம் மேலே வந்தது. அவ்வளவுதான் நினைவில் இருக்கிறது.

கண்ணைத் திறந்தபோது பெஞ்சில் கிடந்தேன். முகமெல்லாம் தண்ணீர். ஒரு ஆயா எக்ஸ்ரே கவரால் விசிறிக்கொண்டிருந்தாள். "ஆபரேஷன் யாருக்கு, இவருக்கா?" என்று யாரோ கன்னடத்தில் கேட்டார்கள். என் எடை எண்பத்தெட்டு கிலோ. தூக்கி வைக்க மூன்று பேர் வந்தார்களாம், அதில் ஒருவர் அங்கே ஹெர்னியாவுக்காக வந்தவராம். மாமா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் என் செருப்பு, இன்னொரு கையில் ஒரு துணிப்பை.

"மாப்ள, எந்திரிச்சுட்டியா? அப்ப நான் கெளம்பறேன். மாடு கறக்கோணும்."

அக்காவை வார்டுக்குக் கொண்டுவந்ததும் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் பஸ் ஏறிவிட்டார். அக்கா மயக்கம் தெளிந்ததும் முதலில் கேட்டது, "தம்பி விழுந்துட்டானாமே, அடி பட்டுச்சா?" என்றுதான். வார்டு முழுக்க அதற்குள் பரவிவிட்டது.

தையல் பிரிக்கும் நாளில் மாமாவும் வந்திருந்தார். வெளிநோயாளி அறையில் நல்ல கூட்டம். டாக்டர் காயத்தைப் பார்த்தார், நன்றாக ஆறியிருக்கிறது என்றார். அக்கா தயங்கித் தயங்கி, "பயப்படற மாதிரி எதுவும் இல்லீங்களே?" என்று கேட்டாள். அவர் சிரித்து, அவள் தோளைத் தட்டி, "ஏனூ இல்லம்மா" என்றார். ஒன்றும் இல்லை. அக்கா அந்த இரண்டு வார்த்தையை வாங்கிக்கொண்டு, பிரசாதம் வாங்கியவள்போல ஊருக்குப் போனாள். என் மதிப்பு ராமாபுரத்தில் ஏறியது. இரண்டு பேர் மூல வியாதிக்கு ஆலோசனை கேட்டுப் போன் செய்தார்கள்.

அடுத்த வருஷம் கல்யாண சீசன் நடுவில் அக்கா மாமாவோடு மறுபடி வந்தாள். இந்த முறை சமையலறைக்குப் போகவில்லை. என் எதிரிலேயே, "கைக்கு அடியில வந்திருக்குதுடா" என்றாள். என் மனைவி இந்த முறை என்னை யோசிக்கச் சொல்லவில்லை. தானே விசாரித்து எங்களைப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்குக் கூட்டிப்போனாள். அங்கே இருந்த பெண் டாக்டர் பழைய தழும்பைப் பார்த்துவிட்டுக் கேட்டது ஒரே கேள்வி.

"அப்போ எடுத்த கட்டியோட பயாப்ஸி ரிப்போர்ட் எங்கே?"

மாமா உட்பட நாங்கள் யாரும் அப்படி ஒரு காகிதத்தைப் பார்த்ததே இல்லை. உடம்பிலிருந்து எந்தக் கட்டியை எடுத்தாலும் அதைச் சோதனைக்கு அனுப்பித்தான் என்னவென்று சொல்ல வேண்டும், கண்ணால் பார்த்துச் சொல்லக் கூடாது என்று அந்த அம்மா பொறுமையாக விளக்கினார். அப்போதே தெரிந்திருந்தால் வைத்தியம் இதைவிடச் சுலபமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன், ஆனால் நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றும் சொன்னார். பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரிந்ததுதான். மார்பை எடுத்தார்கள். கீமோ கொடுத்தார்கள். முடி கொட்டியது. இடது கை வீங்கியது. அந்தக் கையில் ஊசி போடக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, அடி படக் கூடாது என்றார்கள். அக்கா பால் கறப்பதை விட்டாள். மாடுகள் மாமாவுக்குப் பால் விட ஒத்துக்கொள்ளச் சில நாள் ஆயிற்று. மாமா தலையில் அக்காவின் புடவையைச் சுற்றிக்கொண்டு போய் உட்கார்ந்தாராம். இதை அக்காவே சிரித்துக்கொண்டு சொன்னாள்.

வழக்குப் போடலாம் என்று சொன்னது என் மனைவி. ஆரவாரமாக ஆதரித்தது நான். அக்கா மட்டும் ஒன்றே ஒன்று சொன்னாள்: "எனக்கு நஷ்ட ஈடெல்லாம் பெருசில்ல. 'ஏனூ இல்லம்மா'ன்னு அன்னிக்கு எதை வெச்சுச் சொன்னாரு? அதை அவரு வாயால சொல்லோணும். அது போதும்."

நுகர்வோர் கோர்ட்டில் மனு கொடுத்தோம். எங்கள் வக்கீலம்மா மைசூர்க்காரர், சுருக்கமாகப் பேசுபவர். நான் ஒரு பக்கம் சொன்னதை ஒரு வரியாக்கிவிடுவார். 'கட்டியைச் சோதனைக்கு அனுப்பாமலே ஒன்றும் இல்லை என்று சொன்னார்கள்' என்பதுதான் எங்கள் கட்சி. நர்சிங் ஹோமின் பதிலும் சுருக்கம்தான். கட்டியை ஒரு டப்பாவில் போட்டு, அடுத்த தெருவில் இருக்கும் லேபில் கொடுக்கச் சொல்லி, அட்டெண்டரிடம் அன்றைக்கே கொடுத்தோம். அவர்கள்தான் லேபுக்குக் கொண்டுபோகவில்லை.

எனக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. அட்டெண்டர் யார்? நான். டப்பா கொடுத்தார்களா? இல்லை. பச்சைப் பொய்! மண்டபத்துச் சமையல்காரர், பூ வியாபாரி, நாதஸ்வரக்காரர் எல்லோரிடமும் இதைச் சொன்னேன். மைக் டெஸ்ட் செய்யும்போதுகூட ஒரு தடவை சொன்னேன். நானே சாட்சி சொல்கிறேன் என்று வக்கீலம்மாவிடம் மார்தட்டினேன். "நீங்க அப்போ மயக்கமா இருந்தீங்க இல்லையா?" என்றார் அவர். "மயக்கத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் நான் முழு சுயநினைவோட இருந்தேன் மேடம்." அவர் பேனாவை மூடினார். ஆனாலும் வாக்குமூலம் தயாராயிற்று. மறுநாள் நான் கையெழுத்துப் போட வேண்டும்.

அன்று மத்தியானம் அக்காவும் மாமாவும் மண்டபத்துக்கு வந்திருந்தார்கள். காலையில் நடந்த முகூர்த்தத்தில் மிஞ்சியதை மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நான் நர்சிங் ஹோமின் பதிலைத் தமிழில் சொல்லி, நடுநடுவே என் கருத்துகளையும் சேர்த்துக்கொண்டிருந்தேன். மாமா ஹோளிகையை, அதாவது நம் போளியை, பிட்டு நெய்யில் தோய்த்தவர், அப்படியே நிறுத்தினார்.

"மாப்ள, அது நீல மூடி போட்ட டப்பாவா?"

நான் பேசுவதை நிறுத்தினேன். இது அடிக்கடி நடப்பதில்லை.

"எனக்கு எப்படி மாமா தெரியும்? நான்தான் பாக்கவே இல்லையே."

"எங்கிட்டத்தான் குடுத்தாங்க."

அக்கா இலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. மாமா மெதுவாகச் சொன்னார். நான் விழுந்த சந்தடியில் ஒரு நர்ஸுப் பெண் வந்து டப்பாவைக் கையில் கொடுத்து, கொண்டுபோங்கள் என்றாள். அப்புறமும் ஏதோ சொன்னாள். "கன்னடம் எனக்குத் தெரியாததா? நல்லாத் தெரியும். ஆனா நீ வாயப் பொளந்துட்டுக் கெடந்தே. உன்னையப் பாக்கறதா, அந்தப் புள்ள சொல்றதக் கேக்கறதா?"

"கொண்டுபோய் என்ன பண்ணீங்க?"

"என்ன பண்றது? பேரன் பொறந்தப்ப ஆஸ்பத்திரில நஞ்சைக் குடுத்தாங்களே, அந்த மாதிரிதான். நாய் நரி தோண்டாத எடமாப் பாத்துப் பொதச்சேன். நம்ம தோட்டத்துலதான், வாய்க்கா மேட்டுல. மஞ்சத் தூள் போட்டு, மேல கல்ல வெச்சு, சூடம் கொளுத்தினேன். ஒடம்புல இருந்து எடுத்ததக் குப்பையில போட முடியுமா? பிளாஸ்டிக் மண்ணுல மக்காதேன்னு மூடியத் தொறந்து கொட்டினேன். ஒரு வாசம் வந்துச்சு பாரு, கண்ணுல தண்ணி நிக்கல. பக்கத்துத் தோட்டத்துக்காரன், எம் பொண்டாட்டிக்கு ஏதோ ஆயிருச்சுன்னு ஓடி வந்துட்டான்."

எங்கள் பக்கத்தில் அப்படித்தான். பிரசவமானால் நஞ்சுக்கொடியை ஆண்கள் எடுத்துப்போய் ஆழமாகப் புதைத்துவிட்டு வருவார்கள். எங்கே என்று பெண்களிடம் சொல்லுகிற வழக்கம் இல்லை. ஆஸ்பத்திரிகளும் பல நேரம் ஒரு கவரில் போட்டுக் கொடுத்துவிடும். மாமாவுக்கு இது அதற்குத் தம்பி. டப்பாவில் இருந்து கண்ணை எரித்த அந்தத் தண்ணீர், சதை கெடாமல் இருக்கப் போடும் மருந்து என்று பிறகு வக்கீலம்மா சொன்னார். அதாவது நர்சிங் ஹோம்காரர்கள் சோதனைக்காகத்தான் அதைப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அந்த அளவுக்கு அவர்கள் சொன்னது பொய் இல்லை.

"இப்பத் தோண்டி எடுத்தா?" என்று கேட்டேன். என் வாழ்க்கையில் நான் கேட்ட முட்டாள்தனமான கேள்விகளில் இதற்கு நல்ல இடம் உண்டு. இருவரும் என்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

அக்கா கையைக் கழுவிவிட்டு வந்து மாமாவிடம் கேட்டாள். "இதை எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நஞ்சு பொதச்ச எடத்தைச் சொன்னேனா? அந்த மாதிரித்தான்னு நெனச்சேன்."

"அந்தப் பெரிய ஆஸ்பத்திரில ரிப்போர்ட் எங்கன்னு கேட்டாங்களே, அப்ப?"

"ரிப்போர்ட்டுன்னா காயிதம்னு நெனச்சேன். இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்கும்னு யாரு கண்டா?"

அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகும்போது ஆட்டோவில் அக்கா மாமா பக்கத்தில் உட்காராமல் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் இரண்டு பேர் இடத்தை அடைப்பவன். அவளுக்கு அது சௌகரியமாக இருந்திருக்க முடியாது.

மறுநாள் நான் கையெழுத்துப் போடவில்லை. வக்கீலம்மாவிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த சாமி படத்தைப் பார்த்தார். டப்பாவைக் கொடுத்ததற்கு அவர்களிடம் யாருடைய கையெழுத்தும் இல்லை என்றார். கொடுத்த நர்ஸ் வேலையை விட்டுப் போய்விட்டாள், எங்கே என்று தெரியவில்லை. உங்கள் மாமா சொல்லாவிட்டால் அவர்களால் நிரூபிக்கவே முடியாது. சொன்னால், தவறு உங்கள் மேல்தான் என்று எழுந்து நிற்பார்கள். "பொய் சொல்லச் சொல்லி நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். சாட்சிக்கு யாரைக் கூப்பிடணும், கூப்பிட வேண்டாம்னு மட்டும் நீங்க முடிவு பண்ணிக்குங்க."

போனில் அக்காவிடம் இதை எடுத்துச் சொன்னேன். என் யோசனை தெளிவாக இருந்தது. மாமாவைக் கூப்பிட வேண்டாம். நானும் சொல்ல வேண்டாம். புதைத்த இடத்தில் வைத்த கல் வைத்தபடியே இருக்கட்டும்.

"காலையில அங்க போனேன்" என்றாள் அக்கா. "வாய்க்கா மேட்டுக்கு. அவரைக் காட்டச் சொன்னேன்."

"எதுக்குக்கா?"

"என்னோடதுதானே? போய்ப் பாத்தேன். நல்ல பெரிய கல்லாத்தான் வெச்சிருக்காரு." பின்னால் கத்திய மாட்டை அதட்டிவிட்டுத் தொடர்ந்தாள். "அது எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியுது. தெரியாதுன்னு போய்ச் சொல்லிட்டு, நீ எதை வெச்சுச் சொன்னேன்னு அந்த டாக்டருகிட்ட எப்படிடா கேப்பேன்?"

"கேஸ் போயிரும்க்கா."

"உங்க மாமா கோர்ட்டுக்கு வரட்டும். நடந்ததைச் சொல்லட்டும்."

கோர்ட்டில் மாமாவின் வாக்குமூலத்தையும் டாக்டருடையதையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு, இருவரையும் நேரில் விசாரிக்கவும் ஒப்புக்கொண்டார்கள். மாமா அன்று இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். நன்றாகப் பேசினார் என்று சொல்ல ஆசை. பேசவில்லை. டப்பாவைக் கொடுத்தார்களா என்று எதிர்த் தரப்பு வக்கீல் கேட்டார், கொடுத்தார்கள். லேபுக்குக் கொண்டுபோகச் சொன்னார்களா? சொல்லியிருக்கலாம். கேட்கவில்லையா? மச்சினன் விழுந்துகிடந்தான். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் மின்விசிறியைப் பார்த்தேன். புதைத்தேன் என்று சொன்னபோது சூடம் கொளுத்தியதையும் அவசியம் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது, சொன்னார். எதிர்த் தரப்பில் யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள். வக்கீல் திருப்தியாக உட்கார்ந்தார். கேஸ் போயிற்று என்று எனக்குத் தோன்றியது.

அடுத்த தேதியில் டாக்டர் வந்தார். அதே நிதானம். எங்கள் வக்கீலம்மா எழுந்து, டப்பாவைக் கொடுத்ததை நாங்களும் ஒப்புக்கொள்கிறோம், அதில் தகராறு இல்லை என்றார். டாக்டருடைய வக்கீல் அதற்கென்று கொண்டுவந்திருந்த காகிதக் கட்டு கையிலேயே நின்றது. வக்கீலம்மா டாக்டரிடம் திரும்பினார். சோதனை முடிவு வரவேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். தையல் பிரித்த அன்று ரிப்போர்ட் எங்கே என்று கேட்டீர்களா?

கேட்கவில்லை என்றார் டாக்டர்.

பிறகு எதை வைத்து ஒன்றும் இல்லை என்று சொன்னீர்கள்?

கட்டியை எடுத்தபோது பார்வைக்குச் சாதாரணமாக இருந்தது என்றார். ரிப்போர்ட் வந்திருக்கும், மோசமாக இருந்தால் லேபிலிருந்தே கூப்பிட்டிருப்பார்கள் என்று நினைத்தேன் என்றார். அப்புறம் யாரும் கேட்காமலே, அன்றைக்கு ஓ.பி.யில் கூட்டம் அதிகம் என்றார்.

அக்காவுக்குக் கன்னடம் புரியும். ஆனாலும் வெளியே தாழ்வாரத்துக்கு வந்ததும், "என்ன சொன்னாருன்னு நீ ஒருக்காச் சொல்லு" என்றாள். சொன்னேன். என் கருத்து எதையும் சேர்க்காமல் சொன்னேன்.

"அன்னிக்கு நெசமாவே கூட்டமாடா?"

"ஆமாக்கா. உக்கார எடமில்ல. நான் செவுத்துல சாஞ்சு நின்னுக்கிட்டே தூங்கினேன்."

"அப்பச் சரி. பொய் சொல்லல."

"பொய் இல்லீன்னா அவரு பண்ணது சரின்னு ஆயிருமா?" என்றார் மாமா. கொஞ்ச நாளாக அவர் தானாகப் பேசுவதே அபூர்வம்.

"ஆகாது" என்றாள் அக்கா. "நீங்க பண்ணதும் சரின்னு ஆகாது. சும்மா வாங்க."

வக்கீலம்மா வந்து, எப்படி வேண்டுமானாலும் முடியலாம், பாதிப் பாதியாகக்கூடச் சொல்வார்கள், உத்தரவு வர நாளாகும் என்றார். அக்கா தலையாட்டினாள். மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

பஸ் ஸ்டாண்டில் கொள்ளேகால் வண்டி கிளம்பத் தயாராக நின்றது. நல்ல கூட்டம். மாமா ஓடிப்போய் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டார். வலது பக்கம் முன்னால் நல்ல சீட்டு காலியாக இருந்தும் அதை விட்டுவிட்டு, இடது பக்கம் நடுவில் போட்டார். நான் ஏன் என்று கேட்கப் போய், அக்கா ஏறி உட்கார்ந்த பிறகு புரிந்துகொண்டேன். அவளுடைய வீங்கின கை ஜன்னல் பக்கம் வந்தது. நிற்கிறவர்கள் இடித்தால் நடுவில் மாமா இருந்தார். அவர் தள்ளித்தான் உட்கார்ந்தார், பாதி உடம்பு நடைவழியில். அக்கா கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டி பின்னுக்கு நகர ஆரம்பித்ததும், "விழுந்து வெக்காதீங்க, உள்ள தள்ளி உக்காருங்க" என்று சொன்னது கீழே நின்ற எனக்கும் கேட்டது.